முதுகுக்குப் பின்னால் கடல்

ஹாலோரன் குடா,
12 அக்டோபர் 1993

அன்புள்ள கொலீன் அக்காவுக்கு,

நாங்கள் சுகம். என் இடது முழங்கால் மட்டும் வழக்கம்போல மழை வருவதை ஒரு நாள் முன்னதாகவே அறிவித்துக்கொண்டிருக்கிறது. வால் அத்தானின் இருமல் எப்படி? உன் நலத்தைக் கேட்டால் நீ பதில் எழுதப்போவதில்லை, அதனால் நலம் என்று நானே எடுத்துக்கொள்கிறேன்.

சேதி இதுதான். உட்கார்ந்துகொண்டு படி. நான் அலைப்படகில் துடுப்புப் போடப் போகிறேன்.

சிரித்து முடித்துவிட்டாயா? சரி, மேலே கேள். நம் உயிர்காப்பு கிளப்பில் இரண்டு படகு இருப்பது உனக்குத் தெரியும். பழைய படகை யாரும் தொடுவதில்லை. பப் முதலாளி அதைக் கேட்கிறார், எதற்கென்று நினைக்கிறாய்? பாரில் உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிடுவதற்கு. கமிட்டிக் கூட்டத்தில் நான் வழக்கம்போல முட்டை சாண்ட்விச் தட்டோடு சுற்றி வந்துகொண்டிருந்தேன். பள்ளிப் பேருந்து ஓட்டும் டாட் எழுந்து, "தொங்கவிடறதுக்குப் பதிலா எங்ககிட்டக் குடுங்க, நாங்க ஓட்டறோம்" என்றாள். கூடமே சிரித்தது. தலைவர் கிளைவ் ஹார்க்னஸ், ஆமாம், நீ கடலிலிருந்து இழுத்துக் கரையில் போட்ட அதே கிளைவ்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரும்மா அந்த நாங்க? நீயும் இன்னும் யாரு?" என்றார்.

என் கை தானாக மேலே போய்விட்டது, அக்கா. தட்டோடு போனது. மூன்று சாண்ட்விச் பொருளாளர் மடியில் விழுந்தன.

முடிவு என்னவென்றால், மார்ச் மாதம் கோடைப் பருவம் முடிகிற நாள் பந்தயத்தில் பெண்கள் அணி அலையைத் தாண்டி, மிதவையைச் சுற்றி, கரைக்குத் திரும்ப வேண்டும். வந்தால் படகு எங்களுக்கு. வராவிட்டால் படகு உத்தரத்துக்கு, நாங்கள் சாண்ட்விச்சுக்கு.

அத்தானுக்கு என் அன்பு.

உன் தங்கை,
நெரிடா


புரோக்கன் ஹில்,
25 அக்டோபர் 1993

நெரி,

சுகம். அவர் இருமல் அப்படியேதான் இருக்கிறது. புழுதி, வெயில், ஈ, இவையும் சுகம்.

நாற்பத்தேழு வயதில் உனக்கு எதற்கு இது? நம் அம்மாவின் இடுப்புதான் உனக்கும். துடுப்புக்கு ஆகாத இடுப்பு அது.

அந்தக் கிளப்பைப் பற்றி என்னிடம் பேசாதே. பதினெட்டு வயதில் இரண்டு ஆட்களை நான் அலையிலிருந்து இழுத்து வந்தேன். சேரட்டுமா என்று கேட்டதற்கு, பெண்களுக்கு இடமில்லை என்று சொல்லி ஒரு சமையல் ஏப்ரன் கொடுத்தார்கள். கிளப் முத்திரையும் "கௌரவ உறுப்பினர், 1961" என்று நூல் வேலையும் போட்ட ஏப்ரன். கிளைவ் அன்றைக்கு மயக்கத்தில் இருந்தானாம், யார் இழுத்தார்கள் என்று தெரியாதாம். கிளப் அலமாரியில், காப்பாற்றியவர்கள் என்று கிளப் ஆட்கள் பெயர் ஏறியது. நான் ஊரைவிட்டு வந்தேன். அந்த ஏப்ரனால் முப்பது வருடமாக அடுப்புத் துடைக்கிறேன். கெட்டித் துணி. அதை மட்டும் குறை சொல்ல முடியாது.

துடுப்பு எவ்வளவு கனம்? சும்மா கேட்டேன்.

கொலீன்


ஹாலோரன் குடா,
16 நவம்பர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பில் எந்த இடம் நலம் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். வலது காது மடல் நலம்.

துடுப்பின் கனமா? உன் சமையலறை மேஜையை ஒற்றைக் காலைப் பிடித்துத் தூக்கிப் பார். ஏறக்குறைய அதுதான்.

எங்கள் அணியைச் சொல்கிறேன். டாட். மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கும் இமெல்டா. இறைச்சிக் கடை கார்லீன், எங்களில் பலசாலி, படகின் முன்மூக்கு இருக்கை அவளுக்கு. அவளுக்கு முதுகைக் காட்டி நான். சுக்கான் துடுப்பைப் பிடித்துப் பின்னால் நிற்பவர் மெர்வ் டூலி. ஊரில் சவ அடக்கக் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். முதல் நாள் எங்கள் நால்வரையும் ஏற இறங்கப் பார்த்தார். தொழில் பழக்கத்தில் அளவெடுத்துவிட்டார் என்பது என் சந்தேகம்.

முதல் பாடம் கரையிலேயே நடந்தது. மெர்வ் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, காது சிவக்க, "அதாவது... நீச்சலுடையோட பின்பக்கத்த... ரெண்டு பக்கமும் இழுத்து நடுவுல செருகிக்கணும். தோலு பலகையில படணும். இல்லன்னா துணியில மணல் சேந்து தேச்சு எடுத்துரும்" என்றார்.

இமெல்டா கேட்டாள்: "மெர்வ், பாதிரியார் கரையில நிக்கிறாரு. அவருக்கு யாரு சொல்றது?"

"அவரு கண்ண மூடிக்கட்டும். ஜெபம் பண்ண மாதிரியும் ஆச்சு."

அப்படியாக, அக்கா, ஹாலோரன் குடாவின் நான்கு குடும்பப் பெண்கள் பட்டப்பகலில் தங்கள் பின்பக்கத்தை ஊருக்குக் காட்டிப் படகில் ஏறினோம். ஊர் இன்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இரண்டாம் பாடம்தான் கஷ்டம். துடுப்புப் போடுகிறவர்கள் கரையைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். கடல் எங்கள் முதுகுக்குப் பின்னால். எந்த அலை வருகிறது, எவ்வளவு உயரம், எதுவும் தெரியாது. மெர்வ் மட்டும் பார்ப்பார். நாங்கள் மெர்வின் முகத்தைப் பார்க்க வேண்டும். "திரும்பிப் பாத்தீங்கன்னா செத்தீங்க. எனக்கு வியாபாரம்தான்" என்கிறார்.

என்னால் முடியவில்லை, அக்கா. பின்னால் சத்தம் கேட்டால் கழுத்து தானாகத் திரும்புகிறது.

அன்புடன்,
நெரிடா


புரோக்கன் ஹில்,
10 டிசம்பர் 1993

நெரி,

நலம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தோட்டத்தில் ரோஜாக் கிளை வெட்டியதில் உள்ளங்கை இரண்டும் கொப்பளம்.

நீ கையால் இழுக்கிறாய், அதனால்தான் எல்லா இடமும் வலிக்கிறது. காலால் பலகையை உதைத்துத் தள்ளு, முதுகு தானே பின்னால் போகட்டும், கை கடைசியில் வந்தால் போதும். மூச்சை இழுக்கும்போது விடாதே, இழுத்து முடித்தபின் விடு. எங்கேயோ படித்தேன்.

அவர் இப்போதெல்லாம் சனி, ஞாயிறு மெனிண்டி ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறார். நானும் துணைக்குப் போகிறேன். மீன் ஒன்றும் கிடைப்பதில்லை.

கிறிஸ்துமஸுக்கு உனக்குக் கேக் அனுப்பியிருக்கிறேன். முழுதும் நீயே தின்னாதே. படகு தாங்காது.

கொலீன்


ஹாலோரன் குடா,
4 ஜனவரி 1994

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். கேக் வந்தது. படகின் நலம் கருதிப் பாதியை என் கணவருக்குக் கொடுத்தேன். மீதிப் பாதியைப் பற்றிக் கேட்காதே.

காலால் உதைக்கச் சொன்னாயே, அதை மெர்விடம் சொன்னேன். "ரெண்டு மாசமா நான் கத்திக்கிட்டிருக்கறதும் அதுதான். பாலைவனத்துல இருக்கற உங்கக்கா சொன்னாத்தான் காதுல ஏறுதா?" என்றார். ஆனால் அதன் பிறகு படகு நகர்கிறது, அக்கா. நகர்கிறது என்றால், முன்பு நாங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தோம், இப்போது தண்ணீர் எங்களோடு வருகிறது. மூன்று முறை உடையும் அலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டோம். அந்தப் பக்கம் எவ்வளவு அமைதி தெரியுமா? தெரியும். உனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்.

நான்காம் முறை நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். ஒரு நொடிதான். பச்சையாக ஒரு சுவர் நின்றது. என் துடுப்பு தவறி, கார்லீனின் துடுப்போடு சிக்கி, படகு குறுக்கே திரும்பி, ஐந்து பேரும் கடலுக்குள். எல்லோரும் பத்திரமாகக் கரை சேர்ந்தோம், மெர்வின் மேல்வரிசைப் பல்செட்டைத் தவிர. அது மறுநாள் கரை ஒதுங்கியது. பேக்கரிக்காரர் நாய் கவ்விக்கொண்டு ஊரெல்லாம் சிரித்தபடி ஓடியது. மெர்வ் அதைக் கொதிக்கவைத்து மாட்டிக்கொண்டார். "நாய்க்கு இந்தச் செட்டு என்னைவிட எடுப்பாத்தான் இருந்துச்சு" என்று ஒப்புக்கொண்டார்.

கிளைவ் கரையில் நின்று, "உத்தரத்துக்குக் கொக்கி வாங்கியாச்சாம், நெரிடா" என்றார்.

அது சரி, டிசம்பர்க் கோடை நடுவில் யாராவது ரோஜாக் கிளை வெட்டுவார்களா? குளிர்காலத்தில் அல்லவா வெட்ட வேண்டும்? உள்நாட்டு வெயில் உன் மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைக்கிறேன். தொப்பி போட்டுக்கொள்.

அன்புடன்,
நெரிடா


ஹாலோரன் குடா,
8 பிப்ரவரி 1994

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாக உன் கடிதம் இல்லை. தொப்பி விஷயத்தில் கோபமா? அத்தானுக்கு உடம்பு முடியவில்லையா? தொலைபேசியில் இரண்டு ஞாயிறு கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மீன் இல்லாத ஏரியில் அப்படி என்னதான் செய்கிறீர்கள்?

எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. தக்கைப் பொறுப்பு. படகின் அடியில், மெர்வ் காலடியில், தண்ணீர் வடிய ஒரு ஓட்டை உண்டு. கரையில் தக்கையைப் பிடுங்கினால் தண்ணீர் வடியும். கடலில் இறங்குமுன் மறக்காமல் அடைக்க வேண்டும், மறந்தால் படகு தொட்டி ஆகிவிடும். இருபது வருடத்தில் ஒரு நாள் கூட சாண்ட்விச் குறையவிடாத பெண் என்பதால் எனக்கு இந்த மரியாதை. தக்கையையும் மாற்றுத் தக்கையையும் என் சாண்ட்விச் டப்பாவில்தான் வைத்திருக்கிறேன். அதைவிடப் பத்திரமான இடம் இந்த ஊரில் கிடையாது.

ஒரு வரி எழுது.

நெரிடா


புரோக்கன் ஹில்,
21 பிப்ரவரி 1994

நெரி,

இருவரும் சுகம். கோபமில்லை. கை சரியில்லை, ரோஜா.

பந்தயம் எந்தத் தேதி? அலை வடக்கிலிருந்து வருகிறதா, தென்கிழக்கிலிருந்தா? இன்னும் திரும்பிப் பார்க்கிறாயா?

பந்தயம் பார்க்க வா என்று எழுதிவிடாதே. அந்தக் கரையில் கால் வைக்க மாட்டேன் என்று சொன்னவள் நான். பார்த்துக் கைதட்டுவதற்காக வர மாட்டேன்.

கொலீன்


ஹாலோரன் குடா,
14 மார்ச் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். மனம் தரையில் கிடக்கிறது.

கார்லீன் கர்ப்பம். நாற்பத்தோரு வயதில். மூன்று மாதமாம், அவளுக்கே போன வாரம்தான் தெரியும். டாக்டர் துடுப்பைத் தொடக் கூடாது என்றுவிட்டார். அவள் புருஷன் கடை வாசலில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் இலவசமாகச் சாஸேஜ் கொடுக்கிறான். எல்லோருக்கும் சந்தோஷம், எங்கள் மூவரைத் தவிர. எங்களுக்கும் சந்தோஷம்தான், ஆனால் அழுதுகொண்டே.

பந்தயம் 27ஆம் தேதி, ஞாயிறு. அலை தென்கிழக்கிலிருந்து. முன்மூக்கு இருக்கை காலி. ஊரில் கேட்காத பெண் இல்லை. பல் டாக்டர் மனைவி வந்து உட்கார்ந்து பார்த்தாள். நீச்சலுடை செருகும் பாடத்தோடு எழுந்து போய்விட்டாள்.

நேற்று பப் முதலாளி அளவு நாடாவோடு வந்து படகை நீளவாக்கில் அளந்தார். கிளைவ் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார். டாட் பேருந்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, "மெர்வ், நீ கிளைவ அளந்துக்க, சீக்கிரம் தேவப்படும்" என்றாள்.

நாடா சுருங்கி உள்ளே போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மறுபடியும் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூடத்தைச் சுற்றி வர என்னால் முடியாது, அக்கா.

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். கேட்கக் கூடாது என்று நீ எழுதியிருந்தாய்.

திரும்பிப் பார்ப்பது இன்னும் நிற்கவில்லை.

நெரிடா


புரோக்கன் ஹில்,
22 மார்ச் 1994

அன்புள்ள நெரி,

நான் கடிதம் எழுதுகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். இருமல் பரவாயில்லை.

உன் அக்கா நாளைக்கு ரயில் ஏறுகிறாள். உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். எழுதக் கூடாது என்று வாங்கவில்லை.

மீன் விஷயமும் சொல்லிவிடுகிறேன். நவம்பரிலிருந்து என்னை ஒரு தகரப் படகில் பாரத்துக்கு உட்காரவைத்து, மெனிண்டி ஏரியைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக்கொண்டிருக்கிறாள். தண்ணீர்ப் பறவைகளெல்லாம் எங்களைக் கண்டால் ஒதுங்கிப் போகின்றன. மூன்று ஜோடித் துடுப்பு உடைந்தது. நான்காவதை ரயில்பாதைக் கட்டையில் செதுக்கிக் கொடுத்தேன். அதுதான் கனம் என்று சொன்னாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. முப்பது வருடம் குடித்தனம் செய்தால் எதைக் கேட்கக் கூடாது என்று தெரியும்.

இன்னொன்று. எங்கள் வீட்டில் ரோஜாச் செடி கிடையாது. இந்த மண்ணில் கள்ளியே தண்ணீர் கேட்டு அழுகிறது.

அவளைப் பார்த்துக்கொள். அதாவது, அவள் வழியில் நிற்காதே.

வால்


ஹாலோரன் குடா,
29 மார்ச் 1994

அன்புள்ள அத்தானுக்கு,

அக்கா சுகம், நாங்களும் சுகம். அவள் இப்போது எழுத முடியாது, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது, அக்கா சனிக்கிழமை வந்தாள். பேருந்திலிருந்து இறங்கி, பெட்டியைக் கீழே வைத்து, என்னை மேலும் கீழும் பார்த்து, "இடுப்பு அப்படியேதான்டி இருக்கு" என்றாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அத்தான், அது கையா? செருப்புக்கடைத் தோல். நான் அழுதேன். "ரோஜா முள்ளு" என்றாள், கண்ணிமைக்காமல்.

அன்று மாலையே படகில் ஏற்றினோம். மெர்வ் ஐந்து இழுப்பு பார்த்தார். பிறகு பல்செட்டைச் சரிசெய்துகொண்டு, "இத்தன நாளு இத எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று என்னைத்தான் திட்டினார்.

ஞாயிறு. மூன்று கிளப், மூன்று பெண்கள் அணி. அலை ஆளுயரத்துக்கு மேல். எங்கள் படகு தண்ணீர் விளிம்பில். கிளைவ் சிட்டையோடு வந்தார். அக்காவைப் பார்த்தார். முகம் தவிட்டு நிறமானது. ஆனாலும் தலைவர் அல்லவா.

"உறுப்பினருங்க மட்டுந்தான் துடுப்புப் போடலாம், கொலீன். விதி அப்படி."

அக்கா பையைத் திறந்து அந்த ஏப்ரனை எடுத்து அவர் மூக்குக்கு நேராக விரித்துப் பிடித்தாள். முப்பது வருட அடுப்புக் கரி. அதற்கு மேலே முத்திரை, "கௌரவ உறுப்பினர், 1961."

"இது உங்க கிளப்பு நூலுதானே?"

கரையில் இருநூறு பேர். கிளைவ் படித்தார், மறுபடி படித்தார். "சரி, ஏறு" என்றார். பழக்கதோஷத்தில் என் பக்கம் கையை நீட்டினார். நானும் இருபது வருடப் பழக்கதோஷத்தில் சாண்ட்விச் டப்பாவை அந்தக் கையில் கொடுத்தேன். அவர் கூடாரத்துக்குப் போய்விட்டார்.

படகைத் தண்ணீருக்குள் தள்ளினோம். மெர்வ் குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "நெரிடா. தக்கை எங்க?"

அத்தான், அந்த நொடியில் எனக்கு என் பெயர்கூட மறந்துவிட்டது. துவக்குபவர் கொடியைத் தூக்கிவிட்டார். கூடாரம் கரையின் அந்தக் கோடியில். மாற்றுத் தக்கை? அதுவும் அதே டப்பாவில்தான்.

"உங்கக்காவ பாலைவனத்துலேந்து வரவழைச்சு முழுகடிக்கப் பாத்தியாடி?" என்று டாட் ஆரம்பித்தாள். இமெல்டா சிலுவை போட்டுக்கொண்டாள். அக்கா ஏப்ரனை நடுவில் கிழித்தாள். பாதியை முறுக்கி, ஓட்டைக்குள் திணித்து, குதிகாலால் ஓங்கி இரண்டு மிதி மிதித்தாள்.

"கெட்டித் துணி. தாங்கும்" என்றாள்.

கொடி விழுந்தது.

மிச்சத்தை எப்படி எழுதுவது? முதல் அலை எங்களைத் தூக்கிப் போட்டது. பின்னால் அந்த இரைச்சல் கேட்டது, நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், பெரிய லாரி சரளைக்கல் கொட்டுகிற மாதிரி இருக்கும். என் கழுத்து திரும்பத் தவித்தது. அப்போது காதோரத்தில் அக்காவின் குரல். "பின்னால நான் இருக்கேன். நீ எதுக்குப் பாக்கற?"

நான் திரும்பவில்லை. ஐந்து மாதமாக என் முதுகுக்குப் பின்னால் கடல் இருந்தது. அன்றைக்கு அக்கா இருந்தாள். காலால் உதைத்தேன், முதுகு போனது, கை கடைசியில் வந்தது. படகு செங்குத்தாக நின்று, மெர்வ் எங்கள் காலுக்குக் கீழே தெரிந்தார், பிறகு தொபீரென்று அந்தப் பக்கம் விழுந்தோம். அமைதி. இடது பக்கத்துப் படகு கவிழ்ந்து நான்கு தலைகள் மிதந்தன, எல்லோரும் பத்திரம். வலது பக்கத்துப் படகு எங்களுக்கு முன்னால் இருந்தது.

மிதவையைச் சுற்றித் திரும்பினோம். இப்போது கடல் எங்கள் கண்ணெதிரே. அலை எழும்புவது தெரிந்தது. முன்னால் போன படகு அதற்குத் தப்பி முன்னே போய்விட்டது. அது எங்களுக்கென்றே வந்த அலை. மெர்வ் "இழுங்க" என்றார், அக்கா "இழுங்கடி" என்றாள், நாங்கள் அக்கா சொன்னதைக் கேட்டோம். அலை படகைப் பிடித்தது. மூக்கு மண்ணில் குத்தாமலிருக்க நால்வரும் துடுப்பை விட்டுப் பின்பக்கம் ஓடி மெர்வ் மேல் குவிந்தோம். அந்தப் பறப்பில் மற்றப் படகை நாங்கள் கடந்தது எனக்குத் தெரியாது, என் முகம் இமெல்டாவின் அக்குளில் இருந்தது. கரை தட்டிய பிறகுதான் தெரிந்தது, எங்களுக்கு முன்னால் யாருமில்லை.

முதலிடம், அத்தான். தாண்டி வந்தால் போதும் என்றார்கள், நாங்கள் முதலாவதாக வந்துவிட்டோம். கார்லீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிக்க, அவள் புருஷன் கத்த, பாதிரியார் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபம் செய்தார். நீச்சலுடையைச் சரிசெய்யக்கூட எங்களுக்கு நினைவில்லை.

அந்த ஓட்டை வழியாகச் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை.

அப்போது கிளைவ் வந்தார். ஒரு கையில் என் டப்பா, மறு கையில் தக்கை. தக்கையில் பல் தடம். முட்டை என்று நினைத்துக் கடித்திருக்கிறார். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர் நேராக அக்காவிடம் போய் நின்றார்.

"கொலீன், அன்னைக்கு எனக்குக் கண்ணு தெறந்துதான் இருந்துச்சு."

அக்கா கையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டாள்.

"தெரியும்டா. தெறந்து வெச்சுக்கிட்டுதான் அழுதே" என்றாள். பிறகு கையை நீட்டி டப்பாவை வாங்கி, ஒரு சாண்ட்விச்சை எடுத்து, பாதியைப் பிய்த்து அவருக்குக் கொடுத்தாள். இருவரும் மணலில் நின்று தின்றார்கள்.

படகு எங்களுடையது. பப் முதலாளி கொக்கியில் சைக்கிளைத் தொங்கவிட்டிருக்கிறார். அடுத்த பருவத்திலிருந்து சாண்ட்விச் ஆண்கள் பொறுப்பு. கிளைவ் நேற்று முட்டை எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று கேட்க வந்தார். ஓட்டையில் இருக்கும் ஏப்ரனைப் பிடுங்க மெர்வ் போனார், அக்கா விடவில்லை. மீதிப் பாதியை, எழுத்துள்ள பாதியை, கிளப் அலமாரியில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், கரியோடு.

அக்கா ஏன் எழுதவில்லை என்றால், இந்த நேரத்தில் அவள் கடலில் இருக்கிறாள். இரண்டு நாளாகக் கரையேற மறுக்கிறாள். ஈஸ்டர் முடிந்துதான் ஊருக்கு வருவாளாம். நீங்களும் வந்துவிடுங்கள், பாரத்துக்கு ஆள் வேண்டுமாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்புமுன் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

அன்புடன்,
நெரிடா